ஈர நிலக்கரி

ஆகஸ்ட் 4, வெள்ளி

புது ஆர்டருக்கு இன்று பூஜை. ஜெர்மன்காரனுடைய கருநீலம், பதினெட்டு டன் துணி. 26ஆம் தேதி கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். ஒரு நாள் தவறினால் விமானத்தில் அனுப்பு என்பான். விமானத்தில் அனுப்பினால் முதலாளி அர்த்தநாரி வீட்டை விற்க வேண்டியதுதான்.

உற்பத்தித் திட்டத்தைக் காலையிலேயே அடித்துவிட்டேன். எந்தத் தேதியில் எந்த லாட், எந்த மெஷின், கடைசி லாட் எப்போது முடியும், எல்லாம் ஒரே தாளில். பிரிண்டர் வழக்கம்போல மூன்று தடவை கோணலாகத் துப்பிவிட்டு அப்புறம் மனமிரங்கியது. முதலாளிக்கு ஒன்று, சாய மாஸ்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வேறு யாருக்கும் கிடையாது. இந்த விஷயத்தில் மரகதம் கறார் என்று சாயப்பட்டறை முழுக்கத் தெரியும்.

தரம் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் பெண், "நம்ம பாய்லர் எங்கீங்க மேடம்?" என்று கேட்டாள். விற்றுவிட்டோம் என்றேன். பக்கத்துக் காம்பவுண்டில் அனலி ஸ்டீம் என்ற நீராவிக் கம்பெனி வந்தபோது, மூன்று வருடத்துக்கு ஒரே விலையில் நீராவி தருவதாக ஒப்பந்தம் போட்டார்கள். சுவரைத் தாண்டிக் குழாய் வந்தது. நாங்கள் பாய்லரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்தோம். நல்ல யோசனை என்று நானும்தான் தலையாட்டினேன்.

பூஜை மூன்றாம் மெஷினில். தேங்காய் ஒரே போடில் உடைந்தது. பொரி, கடலை, சர்க்கரை கலந்து நானே பொட்டலம் போட்டேன். கொடுமுடியில் அப்பா பொரிகடலைக் கடை வைத்திருந்தார். நூல் இல்லை, ஒட்டு இல்லை, கடைசி மூலையைச் செருகினால் பிரியாது. எனக்கு இடது கை என்பதால் செருகல் மட்டும் இடப்பக்கம் விழும். ஒரு பக்கம் அடித்த தாளை நான் வீணாக்குவதே இல்லை. இன்று பழைய கட்டு போதவில்லை, மேஜையில் கிடந்ததையும் எடுத்து மடித்தேன். முதல் பதினாலு பொட்டலம் எப்போதும் அனலிக்கு. ஆவி அங்கிருந்துதானே வருகிறது.

கொண்டு போய்க் கொடுத்தது பைப் ஃபிட்டர் வெள்ளிங்கிரி. தினமும் பத்து மணிக்கு அங்கே போய் மீட்டர் பார்த்து வருகிறவன் அவன்தான். போன மாதம் என் கூட்டல் தப்பு என்று முதலாளி முன்னால் சொன்னான். தப்புதான். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் இன்றும் வரவில்லை. முதல் மூன்று லாட் நிறம் சரி.

ஆகஸ்ட் 9, புதன்

பத்தரைக்கு மாஸ்டர் கத்தினார். ஸ்டீம் ஏழு கிலோ அழுத்தத்தில் வர வேண்டும், நாலில் நிற்கிறது. சூடு ஏறாவிட்டால் கருநீலம் சாம்பல் பூத்துப் போகும். அனலி மேனேஜர் நந்தகோபாலுக்குப் போன் போட்டேன்.

"நிலக்கரி ஈரமுங்க மேடம். கப்பல்லயே நனைஞ்சு வந்துருச்சு. நாங்க என்னுங்க பண்றது?"

குரலில் அப்படியொரு தேன். நான் யாரை நம்பினாலும் தேன் குரல்காரர்களை நம்புவதில்லை.

வெள்ளிங்கிரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "ஈரமெல்லாம் இல்லீங்கக்கா. அவங்க பாய்லர் மேல சேஃப்டி வால்வு தூக்கி வெள்ளையா ஆவி போயிட்டிருக்குது பாருங்க. ஆவி எச்சாயிருந்தாத்தான் அப்படிப் போகும். நம்ம பக்கம் வர்ற வால்வத் திருகி வெச்சிருக்காங்க."

மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். 11.10 முதல் 11.40 வரை நின்றேன். இங்கே துணி வேகாமல் கிடக்கிறது, அங்கே ஆவியை வானத்துக்கு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேரத்தைக் குறித்து வைக்கிறேன், எதற்காவது உதவும்.

அவர்கள் பாய்லரைப் பற்றி இவனுக்கு இவ்வளவு தெரிகிறதே என்றும் தோன்றியது. தோன்றியதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10, வியாழன்

மூன்றரை கிலோ. இரண்டு லாட் நிறம் போய்விட்டது, மறுபடி போட வேண்டும். மாஸ்டர் சாப்பிடவில்லை. பிளம்பரும் வரவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

அனலியிலிருந்து கடிதம். நிலக்கரி விலை ஏறிவிட்டதாம், பழைய ஒப்பந்தம் கட்டுப்படியாகாதாம். பழையதற்கு இன்னும் பதினாலு மாதம் உயிர் இருக்கிறது. புதியதில் ஒன்றரை மடங்கு விலை, ஐந்து வருடம், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்ச அளவுக்குக் காசு. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால், ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பாய்லர் வருடாந்திரப் பராமரிப்பு, ஸ்டீம் வராது.

16 முதல் 22. கடைசி ஆறு லாட் ஓடும் அதே நாட்கள். ஒரு நாள் முன்னே இல்லை, ஒரு நாள் பின்னே இல்லை. கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். விலைக்காக இல்லை. இந்தத் தேதி சுவரைத் தாண்டி எப்படிப் போனது?

முதலாளி எல்லா வழியும் பார்த்தார். வாடகை பாய்லர் வைக்க அனுமதி வாங்கவே இரண்டு மாதம். வெளிப் பட்டறை எதிலும் மெஷின் காலி இல்லை. கோயமுத்தூர் வக்கீல் ஜெசிந்தாவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"கழுத்துல கத்தி வெச்சாத்தான் மிரட்டல்னு இல்லைங்க சார்," என்றார் அந்தம்மா. "இருக்கற ஒப்பந்தத்த மீறி, நீங்க வேற வழியில்லாம நிக்கற நேரம் பாத்து கையெழுத்து வாங்கினா அதுவும் மிரட்டல்தான். பின்னாடி ரத்து பண்ணலாம். ஆனா மூணு விஷயம் காட்டணும். உங்களுக்கு வேற வழி இல்ல. அது அவங்களுக்குத் தெரியும். நீங்க உடனே எதிர்ப்பு சொல்லிட்டீங்க. கையெழுத்துக்குப் பக்கத்துலயே 'மறுப்புடன்'னு எழுதுங்க. விடலைன்னா அன்னிக்கே ஒரு லெட்டர் அனுப்புங்க."

ஆகஸ்ட் 12, சனி

தூக்கமில்லை. மூன்று பேரிடம்தான் அந்தத் தாள் இருந்தது. முதலாளி தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்ள மாட்டார். மாஸ்டர் இருபத்திரண்டு வருடமாகச் சாயம் கலக்குகிறார், வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டால்கூடப் பதில் சொல்லாத மனிதர். என்னுடையது மேஜை டிராயரில். டிராயருக்குப் பூட்டு கிடையாது.

பத்து மணிக்கு மாடியிலிருந்து பார்த்தேன். வெள்ளிங்கிரி அனலி கேட்டில் வாட்ச்மேனோடு சிரித்துக்கொண்டிருந்தான். மீட்டர் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பதினெட்டு நிமிடம் இருந்தான். மதியம் அவன் அலமாரியைத் திறந்தேன். எல்லா அலமாரிக்கும் ஒரு சாவி என்னிடம் உண்டு, நிர்வாகக் காரணத்துக்காக. அனலி பெயர் போட்ட மழைக்கோட்டு ஒன்று மடித்து வைத்திருந்தது. கேட்டேன்.

"போன வாரம் மழைல நனைஞ்சுட்டு நின்னனுங்க. அவங்க ஸ்டோர்ல குடுத்தாங்க. திருப்பிக் குடுக்கோணும்."

நல்ல பதில். ரொம்ப நல்ல பதில். யோசிக்காமல் வந்தது.

ஆகஸ்ட் 14, திங்கள்

போட்டாயிற்று.

நந்தகோபால் தாம்பாளத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, ஐந்து வகைப் பழம், பொன்னாடை, போட்டோக்காரர். ஏதோ நிச்சயதார்த்தம்போல. 'மறுப்புடன்' என்று எழுதப் போகிறோம் என்று முதலாளி மெதுவாகச் சொன்னார். நந்தகோபால் காதைப் பொத்திக்கொண்டார்.

"நல்ல காரியத்துல அப்படியெல்லாம் எழுதலாங்களா? எங்க எம்.டி. பாத்தா பேப்பரயே கிழிச்சுருவாருங்க. அப்பறம் பதனாறாந்தேதி நான் சொன்னா ஆரு கேப்பாங்க?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டார். தாள்களின் நாலு மூலைக்கும் மஞ்சள் வைக்க வேண்டுமே என்று நந்தகோபால் இழுத்தார். எந்தப் பத்திரமானாலும் எங்கள் ஆபீசில் மஞ்சள் வைப்பது நான்தான். கை தானாகக் கிண்ணத்துக்குப் போய்விட்டது. பொன்னாடை போர்த்தினார்கள். "சார், கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோக்காரர். முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அவர்கள் போன பதினைந்தாவது நிமிடம் அழுத்தம் காட்டும் கேஜ் ஏழு காட்டியது. கப்பலில் நனைந்த நிலக்கரி கால் மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

வக்கீல் சொன்ன எதிர்ப்புக் கடிதத்தை அடித்துக் கொடுத்தேன். முதலாளி டிராயரில் வைத்துப் பூட்டினார். "கன்டெய்னர் போவட்டும் மரகதம். இப்ப அனுப்புனா மறுபடி வால்வத் திருகுவான்."

ஆகஸ்ட் 16, புதன்

முதலாளியிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். அலமாரி, மழைக்கோட்டு, பதினெட்டு நிமிடம். "நிச்சயமாத் தெரியுமா?" என்றார். எட்டு வருடமாக இருக்கிறவன் சார், நான் எப்படி நிச்சயமாகச் சொல்வது, நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். அவர் முடிவு செய்தார்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஷிப்ட் மாறும் நேரம். மூன்றாம் மெஷின் பக்கத்தில் முப்பது பேர் இருந்தார்கள். முதலாளிக்குக் கோபம் வந்தால் அறைக்குக் கூப்பிட்டுப் பேசத் தெரியாது. எங்க தேதிய அவனுக்கு வித்தியாடா என்று கத்தினார். வெள்ளிங்கிரி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"எம்மேசைல இருந்து அந்தத் தாள எடுத்தியா?" என்று கேட்டேன்.

"எடுக்கலீங்க. நீங்க குடுக்காத ஒரு துண்டுக் காயிதங்கூட நான் அங்க கொண்டு போனதில்லீங்க."

வெளியே போகச் சொன்னோம். மீட்டர் நோட்டை என் கையில் கொடுத்தான். நேற்று வரை ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறான். எழுத்து மணிமணியாக இருக்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தரை ஈரமாக இருந்ததால் ஓரமாகவே நடந்து கேட்டுக்குப் போனான்.

பிளம்பர் வந்தார். வாஷர் தேய்ந்திருந்ததாம்.

ஆகஸ்ட் 26, சனி

கன்டெய்னர் கிளம்பியது. முன் டயரில் எலுமிச்சம்பழம் வைத்தோம். மாஸ்டர் முதல் தடவையாக என்னிடம் சிரித்தார்.

ஆகஸ்ட் 28, திங்கள்

எதிர்ப்புக் கடிதம் பதிவுத் தபாலில் போனது. பழைய விலைதான் தருவோம், புதிய ஒப்பந்தம் மிரட்டி வாங்கியது. கையெழுத்துக்கும் கடிதத்துக்கும் நடுவே பதினாலு நாள். போனில் ஜெசிந்தாவின் பெருமூச்சு கேட்டது.

செப்டம்பர் 20, புதன்

அனலி நடுவர் விசாரணைக்குப் போய்விட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடுவர், கோயமுத்தூரில். நம் மனுவை ஜெசிந்தா அனுப்பினார். 'எங்கள் ஊழியர் ஒருவரைக் கொண்டு உற்பத்தித் திட்டத்தைத் திருடி' என்று ஒரு வரி. முதலாளி சொல்லிச் சேர்த்தது.

பெருந்துறைப் பட்டறை ஒன்றிலிருந்து போன். வெள்ளிங்கிரி வேலை கேட்டு வந்திருக்கிறான், ஆள் எப்படி என்றார்கள். வேலை சுத்தம் என்றேன். வேறு ஏதாவது என்றார்கள். தெரிந்ததைச் சொன்னேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. இந்த வருடம் அனலிக்குப் பொட்டலம் இல்லை. மீட்டர் பார்க்கும் புதுப் பையன் வாரத்துக்கு இரண்டு நாள் எழுத மறக்கிறான்.

டிசம்பர் 6, புதன்

ஜெசிந்தா நேரில் வந்தார். அந்த வாரங்களில் நடந்ததற்கு அப்போதே எழுதிய பதிவு ஏதாவது உண்டா என்று கேட்டார். இந்த டைரியைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பிளம்பர் கதையெல்லாம் இருக்கும் என்றேன்.

"ஆவிய வெளிய விட்டத மணி போட்டு எழுதியிருக்கீங்களா?" அந்தம்மா எழுந்தே நின்றுவிட்டார். "இது சொக்கத் தங்கம்ங்க. அவங்க கேட்டா ஒரிஜினலயே காட்டணும். ஒரு எழுத்த மாத்தாதீங்க, அடிக்காதீங்க."

ஒரு நாள் முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

புது டைரியில் எழுதுகிறேன். கறுப்பு அட்டை, வருடா வருடம் டைரி கொடுக்கும் கெமிக்கல் கம்பெனி இந்த வருடம் தரத்தைக் குறைத்துவிட்டது.

அனலி தரப்பு ஆவணங்கள் வந்தன. பொன்னாடைப் போட்டோ பெரிதாக, கலரில். பதினேழாவது ஆவணம் எங்கள் உற்பத்தித் திட்டம். 'ஆகஸ்ட் 4 அன்று வாங்குபவரே மனமுவந்து எங்களுக்குத் தந்தது. கூடுதல் தேவைக்காக அவர்களாகவே புதிய விலைக்கு இசைந்தார்கள்' என்று நந்தகோபாலின் வாக்குமூலம்.

முதலாளி மேஜையைத் தட்டினார். "மனமுவந்தா? திருட்டுப் பேப்பர எடுத்து அவனே நீட்டறான் பாருங்க! மரகதம், நீங்கதான் சாட்சி. வெள்ளிங்கிரி உங்க டிராயர்ல இருந்து எடுத்தான்னு சொல்லுங்க, முடிஞ்சுது."

நான் ஜெராக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து கோணலாக இருந்தது. டிராயரில் இருந்தது கோணல் இல்லை. தாளின் குறுக்கே மடிப்புக் கோடுகள், சாய்வாக இரண்டு, நடுவில் ஒன்று. இடது மூலையில் ஒரு சின்ன முக்கோணம். அங்கங்கே வட்டவட்டமாகக் கறை. ஜெராக்ஸில் கறுப்பாகத் தெரிந்தது. அது சர்க்கரை.

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பழைய டைரியை எடுத்தேன். ஆகஸ்ட் 4ஐத் திறக்கவே தேவையில்லை. திறந்து படித்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

காங்கேயம் பஸ். ஊருக்கு வெளியே ஒரு அரிசி ஆலை. வெள்ளிங்கிரி அங்கே பாய்லருக்கு உமி தள்ளுகிறான். பைப் ஃபிட்டர், ரீடிங் எழுதுகிறவன், இப்போது கூடையில் உமி அள்ளிக் கொட்டுகிறான். புருவமெல்லாம் சாம்பல். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தான், உட்காரச் சொல்லவில்லை.

ஜெராக்ஸை நீட்டினேன். அவன் கையில் வாங்கவே இல்லை.

"தெரியுமுங்க மேடம்."

எட்டு வருடம் அக்கா என்றவன்.

"கேட்டுலயே அந்த மேனேஜர் பொட்டலத்தப் பிரிச்சாரு. பொரிய வாட்ச்மேன் கைல கொட்டிட்டு, தாள நீவி மடிச்சு சட்டப் பையில வெச்சாரு. சாமி பிரசாதம் வெச்ச தாள், பயபக்தியா வெச்சுக்கறாரு போலன்னு நெனச்சேன். வெளிய போகச் சொன்னப்பறம் ரோட்டுல நடக்கறப்பத்தான் புரிஞ்சுது."

"ஏன் வந்து சொல்லல?"

"நீங்க என்ன நடந்துதுன்னு கேட்டீங்களா? எடுத்தியான்னுதான கேட்டீங்க."

ஆலைக்காரர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொன்னேன். வாயிலிருந்து அந்த வார்த்தை வர இவ்வளவு நேரமாகும் என்று நினைக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டான். பிறகு கூடையை எடுத்தான்.

"இங்க வந்து எங்கிட்டச் சொன்னா எப்படிங்க? அங்க எல்லாரு முன்னாலயுந்தான போகச் சொன்னீங்க."

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா ஜன்னலைச் சாத்தினார், தூசி என்று நினைத்திருப்பார்.

பிப்ரவரி 7, புதன்

முதலாளியிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"திருட்டுன்னு மனுவுலயே எழுதியாச்சு மரகதம். இப்ப மாத்துனா அவங்க சொல்ற மாதிரி மனமுவந்து குடுத்ததாத்தான் ஆவும். பேசாம டைரிய ஒம்பதாந்தேதில இருந்து காட்டுங்க. நாலாந்தேதிய ஆரு கேட்டா?"

அவரைக் கெட்டவர் என்று எழுத மாட்டேன். என் மகள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர்.

வீட்டில் டைரியை விரித்து வைத்துப் பார்த்தேன். பிளேடு வைத்தால் தாள் சுத்தமாக வந்துவிடும். ஆனால் இது தையல் டைரி. ஆகஸ்ட் 4 போனால் அதோடு ஒட்டிய எதிர்த் தாளும் கழன்று வரும். அதில்தான் மஞ்சள் வைத்த நாள் இருக்கிறது. இரண்டுமே என் கை செய்தவை. இவ்வளவு தூரம் பார்த்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "முழு டைரியையும் கொண்டு வாங்கம்மா," என்றார். "சார் கிட்ட நான் பேசிக்கறேன்."

பிப்ரவரி 21, புதன்

விசாரணை. நீளமான மேஜை, ஏசி குளிர், பிஸ்கட் யாரும் தொடவில்லை. அனலி வக்கீல் மெல்லிய குரலில் கேட்பவர். நந்தகோபால் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"கையெழுத்து நாள்ல நாலு மூலைக்கும் மஞ்சள் வெச்சது நீங்கதானே? உங்க டைரியிலயே இருக்கு. மிரட்டப்பட்டவங்க மஞ்சள் வெப்பாங்களா?"

"பத்திரம்னா வெச்சுத்தாங்க பழக்கம். அத வெச்சு நான் சம்மதிச்சேன்னு சொன்னா எப்படிங்க? காயிதத்துக்குத்தான் வெச்சேன்."

"இந்தத் திட்டத்த ஆகஸ்ட் நாலாம் தேதி அனலிக்குக் குடுத்தது யார்?"

முதலாளி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் நடுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"நாந்தாங்கய்யா. குடுக்கோணும்னு குடுக்கல. பொரி மடிச்சுக் குடுத்தேன், அந்தத் தாள்ல இது இருந்துது. வெள்ளிங்கிரி எடுக்கல. அவனத் திருடன்னு சொன்னது நாந்தான். அது பொய்யிங்க."

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அனலி தரப்பிடம் அந்தத் தாளின் ஒரிஜினலை எடுக்கச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "மடிச்சுக் காட்டுங்கம்மா."

மடித்தேன். யார் பார்த்தாலும் மடிப்பு தவறாது. இடப்பக்கம் செருகினேன். அவர் அதைப் பிரித்து ஒரிஜினல் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோடு கோடாகப் பொருந்தியது.

"மிஸ்டர் நந்தகோபால், பொரிப் பொட்டலமா வந்த காயிதத்தப் பாத்துட்டு, அதுல இருக்கற அதே ஏழு நாள்ல உங்க பாய்லருக்குப் பராமரிப்பு வந்துதா?"

நந்தகோபால் தொண்டையைக் கனைத்தார். நிலக்கரி ஈரமாக இருந்ததால் என்று ஆரம்பித்தார். அவருடைய வக்கீலே கையைப் பிடித்து நிறுத்தினார்.

டைரியை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். காரில் திரும்பும்போது அவினாசி வரை முதலாளி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். டீக்கு நிறுத்தியபோது எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 5, வெள்ளி

தீர்ப்பு. புதிய ஒப்பந்தம் செல்லாது, பழையது தொடரும். ஆனால் கடிதம் டிராயரில் கிடந்த பதினாலு நாளுக்குப் புதிய விலையைக் கொடுக்க வேண்டும். முதலாளி அதற்கு மட்டும் முணுமுணுத்தார். வெள்ளிங்கிரியைத் திரும்ப எடுக்கும் கடிதத்தை நானே அடித்து அவர் முன்னால் வைத்தேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 8, திங்கள்

ஷிப்ட் மாறும் நேரம். மூன்றாம் மெஷின். அதே முப்பது பேர், இரண்டு பேர் புதுசு. வெள்ளிங்கிரி பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே வராமல் வெளியே நின்றான். நான் சத்தமாகவே சொன்னேன். அவன் எதையும் எடுக்கவில்லை, தாளைக் கொடுத்தது நான், பழியைப் போட்டதும் நான், பெருந்துறையில் வேலை கிடைக்காமல் செய்ததும் நான். கடைசி ஒன்று அவனுக்கே தெரியாது. அப்போதுதான் அவன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

பிறகு உள்ளே வந்தான். மீட்டர் நோட்டைக் கேட்டான். விட்டுப்போன நாட்களைப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

ஏப்ரல் 12, வெள்ளி

புது ஆர்டர், இலைப் பச்சை. பூஜை. தேங்காய் இரண்டாவது போடில்தான் உடைந்தது. அனலிக்குப் பொட்டலம் வேண்டாம் என்று மாஸ்டர் சொன்னார். முதலாளி, ஆவி அங்கிருந்துதானே வருகிறது, நம் பழக்கத்தை நாம் ஏன் விட வேண்டும் என்றார்.

கடையில் புது வெள்ளைத் தாள் ஒரு கட்டு வாங்கி வந்திருந்தேன். பதினாலு பொட்டலம் மடித்துப் பையில் அடுக்கி, வெள்ளிங்கிரியிடம் நீட்டினேன். பத்து மணி, மீட்டர் பார்க்கப் போகும் நேரம்.

அவன் பையை வாங்கவில்லை.

"பிரிச்சுக் காட்டுங்க மேடம்."

தரம் பார்க்கும் பெண் சிரிக்கப் பார்த்தாள், மாஸ்டர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்து, பொரியை ஒதுக்கி, தாளின் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினேன். அவன் குனிந்து ஒவ்வொன்றையும் பார்த்தான். அவசரப்படவில்லை. பதினாலும் முடிய இருபது நிமிடம் ஆனது. மறுபடி மடித்துக் கொடுத்தேன். பையை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தான்.

அடுத்த பூஜைக்கும் கேட்பான். காட்டுவேன்.